படிவத்தில் எழுதாத கிணறு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் மிஸ் என்று கேட்டு, கட்டடத் திணைக்களத்தில் நான் வேலை செய்த அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் எல்லோருக்கும் என்மேல் அன்பு வந்திருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் என் மேசைக்கு வரப் பயந்து, கோப்புகளை வாசலில் நின்ற பியோனிடம் கொடுத்துவிட்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மறுக்கவில்லை. அந்த நாக்கும் இந்தக் கதையில் வருகிறது.

சுவர் வெடிப்பை எப்படிப் பார்ப்பது, பழைய கூரையில் எந்த மரத்தை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் சொல்லப் போவது ஒரு படிவத்தில் நான் எழுதிய ஒரு வரியைப் பற்றி. "அயலில் குடிநீர்க் கிணறு இல்லை. ஆட்சேபனையும் இல்லை." நானே நேரில் போய், கேட்டு, என் கையால் எழுதிய வரி. அது பொய். ஒரு பச்சைக் குழந்தை இருந்த வீட்டின் தண்ணீர் அந்தப் பொய்யால் கெட்டுப்போக ஐந்து நாட்களே இருந்தன.

காங்கேசன்துறைப் பக்கம், கடலிலிருந்து ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரத்தில் ஒரு பழைய அரச அலுவலகம். பிறப்பு, இறப்புப் பதிவு, காணிக் கடிதம் என்று ஊர்ச்சனம் வரிசையில் நின்ற இடம். அலுவலகம் சந்தியடியில் புதுக் கட்டடத்துக்குப் போனபின் பூட்டிக் கிடந்தது. அதைத் திருத்திப் பொலிஸ் நிலையமாக்கும் வேலை என் பொறுப்பில் வந்தது. அதுவரை அந்த ஊர்ப் பொலிசார் இருந்தது தில்லையம்பலம் என்பவரின் வீட்டில். அவர் முன்பு சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது தன் வீட்டு வாசலில் பொலிஸ் பெயர்ப்பலகை தொங்கியதைப் பார்த்தவர். எத்தனையோ வருடங்கள் கடிதம் எழுதி, கடைசியில் வீட்டைத் தருவதாக எழுத்தில் வாங்கியிருந்தார். புதிய நிலையம் திறந்த மறுநாள் அவர் கையில் சாவி. அந்தத் திறப்பு விழா ஒரு திங்கட்கிழமைக்குக் குறிக்கப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள்.

ஒவ்வொரு வாரமும் தில்லையம்பலம் ஐயா பழைய மோட்டார் சைக்கிளில் வேலைத்தளத்துக்கு வருவார். இறங்கமாட்டார். இயந்திரத்தை நிறுத்தவும் மாட்டார்.

"மிஸ், திங்கள் திங்கள்தானே?"

"ஓம் ஐயா. திங்கள்தான்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த மனிதனுக்குக் கொடுத்த வாக்கு மண்டைக்குள் நின்று குடைந்துகொண்டே இருந்ததால், வேலைத்தளத்தில் எல்லோரையும் விரட்டினேன். ஒருநாள் பிளம்பர் வந்து ஏதோ குழாய் வரவில்லை என்று இழுத்தபோது, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்: "திங்கள் வரைக்கும் பிரச்சினை எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தரும் என்னட்டை வரக்கூடாது!" அன்று முதல் ஒருவரும் வரவில்லை. வேலை நன்றாக நடக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். நிலையத்தில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பழைய அலுவலகத்துக்கு இருந்த ஒற்றை மலசலகூடம் போதாது. பின்பக்கம் புதிதாக ஒரு வரிசையும், கழிவு நிலத்துக்குள் ஊறிப்போக அதற்கு ஒரு குழியும் கட்டடப் படத்தில் இருந்தன. எங்கள் ஊரில் ஆறு கிடையாது, குளத்தை நம்பிக் குடிப்பதும் கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்தான் எல்லோருக்கும். ஒருவன் குழியில் விடுவதை அடுத்தவன் கிணற்றில் அள்ளுவான். ஆகவே குழி வெட்டுமுன் சுற்றிலும் குடிநீர்க் கிணறு இருக்கிறதா என்று பார்த்துப் படிவத்தில் எழுதவேண்டும்.

நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர், "படத்தை நம்பாதை, காலை நம்பு" என்று திட்டிக்கொண்டே இருப்பார். நான் காலை நம்பித்தான் நடந்தேன். என்னோடு வேறு யாருடைய கால்கள் நடந்தன என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி. என்றுதான் எல்லோரும் சொல்வோம், தென்பகுதிக் கிராமத்து மனிதர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார். பின்பக்கம் பற்றை, பாம்பு இருக்கும், மிஸ் தனியப் போகவேண்டாம் என்று சொல்லி இரண்டு பொலிஸ்காரரை என்னோடு அனுப்பினார். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். நானும் சந்தோஷமாகத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

பின் எல்லையில் இடையிடையே பிய்ந்த பனையோலை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உடுப்புக் காயவிட்டுக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் புவனா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"உங்கை கிணறு இருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்களின் சப்பாத்துகளைப் பார்த்தாள்.

"இருக்கு மிஸ். உவர்க் கிணறு. உடுப்புத் தோய்க்கத்தான் நல்லது."

"குடிக்கிறதுக்கு?"

"பௌசரிலை வாறதுதான்."

"இதிலை மலசலகூடக் குழி ஒண்டு வரப்போகுது. உங்களுக்கு ஏதும் ஆட்சேபனை இருக்கோ?"

"எங்களுக்கு ஒண்டும் இல்லை மிஸ். நீங்கள் கட்டுங்கோ."

வேலியோடு வைத்தே படிவத்தை நிரப்பினேன். கடலோரத்தில் உவர் அதிசயமா? அங்கே பல வீடுகளுக்குப் பௌசர் என்கிற தாங்கி லொறியில்தான் தண்ணீர் வந்தது. சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. சந்தேகப்பட நேரமும் இருக்கவில்லை என்பதுதான் சரி.

வேலை ஓடியது. குழி வெட்டி, கட்டி, மேலே மூடியும் போட்டாயிற்று. முன் முற்றத்துக்குக் கல் பதித்தாயிற்று. திறப்பு விழாவுக்கு முந்திய புதன்கிழமை, புவனா வீட்டு வேப்பமரத்தின் கொப்பு ஒன்று எங்கள் புதுக் கூரையில் உரசுவதைப் பார்த்தேன். வெட்டுவதற்குக் கேட்கவேண்டும். அன்று பொலிசார் எல்லோரும் தில்லையம்பலம் ஐயாவின் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்ததால் கூட வர ஆளில்லை. நான் தெருவால் சுற்றி, தனியாகப் போனேன்.

வேகாத வெயில். புவனா கேற்றைத் திறந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் மட்டும்தான் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"உள்ளை வாங்கோ அக்கா. வெயிலுக்கை நிக்கிறியள். கொப்பைத்தானே, வெட்டுங்கோ. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

வேலியடியில் மிஸ். வீட்டுக்குள் அக்கா. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உள்ளே அவளுடைய தங்கை பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை குழந்தைக்கு முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்று சொல்லியபடி புவனா கண்ணாடித் தம்ளரில் தேத்தண்ணியைத் தந்தாள்.

நான் தம்ளரைப் பார்த்தேன். உவர்த் தண்ணீரில் தேத்தண்ணி கறுக்கும், மேலே ஒரு படலம் மிதக்கும். பௌசர் தண்ணீரில் பிளாஸ்ரிக் தாங்கியின் வாடை இருக்கும். இது செக்கச்செவேல் என்று தெளிந்து கிடந்தது. ஒரு வாய் குடித்தேன். இஞ்சியும் சீனியும் தவிர நாக்கில் வேறொன்றும் படவில்லை. நல்ல தண்ணீர். அதுவும் எங்கள் வீட்டுக் கிணற்றை விட நல்ல தண்ணீர்.

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, இது எந்தத் தண்ணி?"

அவள் கண் பின்பக்கம் போனது. வீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கிணறு இருந்தது. மேலே தகரம் போட்டு மூடி, தகரத்துக்கு மேல் விறகு அடுக்கியிருந்தது. நடுவில் வாளி போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் குழியின் புது மூடி, கூப்பிடு தூரம்கூட இல்லை, கை எட்டும் தூரம் மாதிரித் தெரிந்தது.

"ஏன் என்னட்டை உவர் எண்டு சொன்னனீங்கள்?"

"வேறை என்ன அக்கா சொல்ல?" என்றாள். குரல் உயரவில்லை. "சண்டைக் காலத்திலை ஒரு பகுதி வந்து எங்கடை காணியிலை இருந்தது. பேந்து மற்றப் பகுதி. எல்லாரும் கிணத்தைப் பாத்துத்தான் வந்தவை. நல்ல தண்ணி எண்டு சொன்னால் நாளைக்கு வாளியோடை வருவினம். நாளையிண்டைக்கு மோட்டர் பூட்டுவினம். பேந்து காணியையும் கேட்பினம். குழியெண்டால் நாத்தம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் எண்டு நினைச்சம்."

"நாத்தம் இல்லையம்மா. அது உங்கடை தண்ணிக்குள்ளை வரும். குழந்தை இருக்கிற வீடு."

அவள் அறைக்குள் படுத்திருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பு அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு அதைச் சொல்லவேண்டிய வேலை யாருடையது? என்னுடையது. வேலியடியில் நின்று ஆட்சேபனை இருக்கோ என்று கேட்டேனே ஒழிய, எதற்கு ஆட்சேபிக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை.

"நான் இதை எழுதவேணும்," என்றேன். "இஞ்சை நல்ல தண்ணிக் கிணறு இருக்கெண்டு எழுதினால்தான் குழியை மாத்தலாம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதேங்கோ அக்கா. பொலிசுக்குப் பொய் சொன்னது எண்டு வந்தால் நாங்கள் எங்கை போறது? கிணறு எண்டு மட்டும் எழுதாதேங்கோ."

இதுதான் பிள்ளைகளே, நான் சொல்ல வந்த இடம். எழுதினால் அந்தக் கிணறு பொலிஸ் நிலையத்தின் கோப்பில் ஏறும், அவள் பயந்தது அதுதான். எழுதாவிட்டால் திங்கட்கிழமை முதல் அந்தக் குழந்தையின் வீட்டுத் தண்ணீர் கெடத் தொடங்கும். மாற்றினால் விழா தள்ளிப்போகும், தில்லையம்பலம் ஐயாவின் சாவியும் தள்ளிப்போகும். எந்தப் புத்தகத்தில் போய்ப் பார்ப்பது?

வேலைத்தளத்துக்கு வந்து மேசன் அன்ரனைத் தேடினேன். குருநகர் ஆள். குழியை வெட்டுவித்தது அவர்தான்.

"அன்ரன், குழி வெட்டேக்கை என்ன கண்டனீங்கள்?"

அவர் சாந்தகப்பையைக் கீழே வைத்தார். "கோவிக்காதேங்கோ மிஸ். என்ரை அலவாங்கு போட்டுது." கடப்பாரை தொலைந்துபோனதைச் சொன்னார்.

"எங்கை போனது?"

"அடியிலை கல்லு ஒரு இடத்திலை பிளந்திருந்தது. இடிக்க இடிக்க அலவாங்கு கையை விட்டு வழுகி உள்ளுக்கை போட்டுது. தண்ணியிலை விழுந்த சத்தம் கேட்டது. அதிலை கொங்கிறீற் போட்டு மூடிப்போட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அன்ரன் கையில் ஒட்டியிருந்த சாந்தைத் துடைத்தார். "நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள், பிரச்சினை எண்டு ஒருத்தரும் வரக்கூடாது எண்டு."

புவனா சப்பாத்துக்குப் பயந்தாள். இந்த மனிதர் என் வாய்க்குப் பயந்தார். வெட்கமாக இருந்தது. நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சங்காய் எங்கோ தூரத்தில் கீரிமலைக் கேணியில் வந்து மிதந்த கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நம்பினாலும் நம்பாவிட்டாலும், எங்கள் கல்லுக்குக் கீழே எந்த ஓட்டை எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது. அதை முப்பது வருடம் வேலை செய்த நான் மறந்திருந்தேன்.

ஆனால் அந்த அலவாங்கு எனக்கு ஒரு வழியைக் காட்டியது. குழிக்கு அடியில் கல் பிளந்து தண்ணீரோடு திறந்திருக்கிறது என்றால், அயலில் கிணறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குழியைப் பாவிக்கக் கூடாது. புவனாவின் கிணற்றை எழுதத் தேவையில்லை. அலவாங்கை எழுதினால் போதும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்ரன் மறைத்தார் என்று எழுத மனம் வரவில்லை. வேலையைக் கவனிக்கத் தவறியது நான் என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை.

அன்று திரும்பிவரும்போது பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டேன். நடத்துநர் வந்து தோளில் தட்டித்தான் எழும்பினேன்.

மறுநாள் காலை, புது நிலையத்தில் சாமான் அடுக்கத் தொடங்கியிருந்த ஓ.ஐ.சி.யைப் பார்க்க வந்து இறங்கினால், வாசலில் தில்லையம்பலம் ஐயா. அன்று முதன்முறையாக மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். கையில் ஒரு தாம்பாளம், வெற்றிலை பாக்கு.

"வாற வியாழன் பால் காய்ச்சுறம் மிஸ். மகள் கனடாவிலை இருந்து வந்திட்டாள். அந்தக் கிழமைச் சனி அவளுக்குத் திரும்பிப் போற பிளேன். தான் பிறந்த வீட்டுக்குள்ளை ஒருக்கா நிண்டிட்டுப் போகவேணும் எண்டுதான் வந்தவள். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

நான் வெற்றிலையை எடுத்தேன். எடுக்காமல் விட எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்த கையோடு உள்ளே போய், அவருடைய வியாழக்கிழமையைக் கெடுத்தேன்.

ஓ.ஐ.சி. நான் சொல்லியதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மிஸ், திங்கக்கிழமை பெரிய ஆள் வாறது. இப்ப வந்து குழி சரியில்ல எண்டு சொல்றது?"

"ஓம் சேர்."

"ஓட்டை மூடினதுதானே?"

"மூடினது ஒரு ஓட்டையை. பக்கத்திலை எத்தினை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. முன்பக்கத்திலை அடியும் சுவரும் அடைச்ச தொட்டிதான் கட்டவேணும். நிறைஞ்சால் கழிவுப் பௌசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். பதிச்ச கல்லைக் கிளப்பவேணும். மூண்டு கிழமை செல்லும்."

அவர் படிவத்தை எடுத்தார். என் வரியில் விரலை வைத்தார். "இங்க எல்லாம் சரி எண்டு எழுதினது. பின்னால வீட்டு ஆக்கள் என்ன சொன்னது?"

"அவை ஒண்டும் சொல்லேல்லை சேர். நான்தான் வடிவாப் பாக்கேல்லை. பிழை என்னுடையது."

அவர் யன்னலடிக்குப் போய்ப் பின்வேலிப் பக்கம் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு கேள்வி கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்துக் கொழும்புக்குக் கதைத்தார். சிங்களத்தில் அவர் வாங்கிய ஏச்சு எனக்கும் கொஞ்சம் விளங்கியது.

தில்லையம்பலம் ஐயா இருந்த வாடகை வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். வேறு ஆளை அனுப்ப மனம் கேட்கவில்லை. அவர் ஏசவில்லை. "எவ்வளவு காலம் பொறுத்தம்," என்று சொல்லத் தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். உண்மைக் காரணத்தை அவளுக்குச் சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும். சொல்ல முடியாது. கல்லில் பிளவு என்று மட்டும் சொன்னேன். தன் வீட்டுப் படலை வரைக்கும் போய், வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமை அவள் பிளேன் ஏறினாள். மூன்று கிழமை கழித்து ஐயா பால் காய்ச்சினார். எனக்கு அழைப்பு வரவில்லை. சந்தையில் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நான் செய்தது அநியாயம்தான், வேறு சொல் இல்லை.

திணைக்களத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினேன். ஓய்வு பெறும்போது அந்தக் கடிதத்தோடுதான் என் சேவைக் கோப்பு மூடப்பட்டது. அன்ரனுக்குப் புது அலவாங்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழையது இன்னும் கீழேதான் கிடக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம், கட்டடத்தை ஒரு தடவை பார்த்து ஒப்பமிடுவதற்காகப் போனேன். பழைய அலுவலகத்தில் சனம் பிறப்புச் சான்றிதழுக்கு நின்ற அதே யன்னலில் இப்போது முறைப்பாட்டுக்கு நின்றது. ஓ.ஐ.சி. தேத்தண்ணி வரவழைத்தார். பௌசர் தண்ணீர், பிளாஸ்ரிக் வாடை. இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம்.

"மிஸ்," என்றார், "பின்னால வீட்டு தண்ணி நல்லது. எனக்கு தெரியும்."

"எப்பிடி சேர்?"

"நான் ஊரில தோட்டம் செய்த ஆள். நீங்க குழி வேணாம் எண்டு சொன்ன அண்டைக்கு யன்னலால பாத்தது. அந்த வீட்டில வாழை நிக்குது. உப்புத் தண்ணியில அப்படி வாழை வாறது இல்ல."

"பிறகு ஏன் நீங்கள் அவையிட்டைக் கேட்கேல்லை? உங்கடை ஆக்கள் இந்தத் தண்ணியைத்தானே குடிக்கினம்?"

அவர் தன் சீருடையின் தோளைத் தொட்டுக் காட்டினார். "இதோட போய் நான் கேட்டா, அந்த அம்மா தாறது. இல்ல எண்டு சொல்ல ஏலாதுதானே. அது கேக்கிறது இல்ல மிஸ். அது எடுக்கிறது."

அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்கோ வேலியடி ஞாபகம் வந்தது. என் இரண்டு பக்கமும் நின்ற சப்பாத்துகள், நிலத்தைப் பார்த்தபடி "எங்களுக்கு ஒண்டும் இல்லை மிஸ்" என்ற குரல், அதைக் கேட்டுச் சந்தோஷமாகப் படிவத்தில் எழுதிய என் கை.

அந்தப் படிவம் இன்னும் மாறவில்லையாம், வந்த தம்பி சொன்னார். ஆட்சேபனை உண்டா இல்லையா என்ற வரியும் அதே இடத்தில் இருக்கிறதாம். அதை நிரப்பப் போகும்போது பாம்பு இருந்தாலும் பரவாயில்லை, தனியாகப் போங்கள். தெருவால் சுற்றி, கேற்றைத் தட்டி, வெயிலில் கொஞ்சம் நில்லுங்கள். தேத்தண்ணி தருவார்கள். குடித்து முடித்த பிறகு எழுதுங்கள்.